சின்ன ஊர் மீடியா வேலைக்கு மூட்டை கட்டும் முன்

கேள்வி இதுதான். பெருநகரத்தில், பெரிய செய்தி நிறுவனம் ஒன்றின் டிஜிட்டல் டெஸ்கில் (இணையச் செய்திகளைத் தயாரிக்கும் ஆசிரியர் குழுவில்) ஆறு வருடம் வேலை பார்த்திருக்கிறீர்கள். இப்போது, அதில் பத்தில் ஒரு பங்கு மக்கள்கூட இல்லாத ஒரு நகரத்தில் தொடங்கவிருக்கும் உள்ளூர்ச் செய்தித் தளத்துக்கு ஆசிரியராக வரச் சொல்கிறார்கள். சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் கொஞ்சம் குறைவு. கணவர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். குழந்தைக்கு நான்கு வயது. போனால் கேரியர் அங்கேயே முடிந்துவிடுமோ என்று பயம்.

நானும் ஒரு காலத்தில் இதே மாதிரி ஒரு ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தவன்தான். போனேன். ஒன்பது வருடம் இருந்தேன். அப்புறம் திரும்பி வந்து, ஆட்களை வேலைக்கு எடுக்கும் பக்கத்திலும் சில வருடம் உட்கார்ந்துவிட்டேன். அதனால் இரண்டு பக்கமும் எப்படி யோசிப்பார்கள் என்று கொஞ்சம் தெரியும்.

ஒரே வார்த்தையில் பதில் வேண்டுமென்றால், போகலாம். ஆனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் ஒன்று கண்ணில் பட்டது. வாடகை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, அலுவலகம் போய்வரும் நேரம் என்று ஊரைப் பற்றி எல்லாம் விசாரித்துவிட்டீர்கள். வேலையைப் பற்றி விசாரித்தது அரைப் பங்குகூட இல்லை. பெருநகரத்தில் அப்படி இருந்தால் பரவாயில்லை, ஒரு இடம் சரிப்படவில்லையென்றால் நாலு தெரு தள்ளி இன்னொரு இடம் இருக்கும். சின்ன நகரத்தில் நம் தொழிலுக்கு முதலாளி ஒருவர், மிஞ்சிப் போனால் இரண்டு பேர். அவர் கதவைச் சாத்தினால் வேலையோடு வீடு, பள்ளிக்கூடம், பழகிய ஆட்கள் எல்லாம் சேர்ந்து போகும். ஊர் எவ்வளவு சின்னதோ அந்த அளவுக்கு வேலையை நோண்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் நோண்ட வேண்டியது பணம். உங்கள் சம்பளம் இருக்கட்டும், அவர்களுடைய பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எத்தனை மாதத்துக்குக் கையில் இருக்கிறது, விளம்பரமா, சந்தாவா, நன்கொடையா, அல்லது வேறு தொழிலில் சம்பாதிக்கும் ஒருவர் ஆசைக்கு நடத்துகிறாரா? இதைக் கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கும். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தோன்றும். ஆள் எடுக்கும் இடத்தில் இருந்தவனாகச் சொல்கிறேன், இதைக் கேட்டவர்களை நான் தப்பாக நினைத்ததே இல்லை. கேட்காதவர்களைப் பார்த்துத்தான், 'இவர் எப்படி ஒரு பஞ்சாயத்து பட்ஜெட்டைக் கேள்வி கேட்கப் போகிறார்' என்று யோசித்திருக்கிறேன்.

நல்ல வேலை செய்தால் நிறுவனம் நிலைத்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்ற ஊர். அங்கே வெளிவரும் 'சார்ல்ஸ்டன் கெசட்-மெயில்' நாளிதழின் எரிக் ஐர், அந்தச் சிறிய மாநிலத்துக்குள் ஆறு வருடத்தில் 78 கோடி ஓபியாய்டு வலி மாத்திரைகள் (ஆளை அடிமையாக்கக்கூடிய வகை) கொட்டப்பட்டதை ஆவணங்களோடு எழுதினார். 400 பேர்கூட இல்லாத கெர்மிட் என்ற ஊரில் ஒரே மருந்துக் கடைக்கு இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட 90 லட்சம் மாத்திரைகள். 2017-இல் அதற்கு, அமெரிக்கப் பத்திரிகை உலகின் பெரிய விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது. 2018 ஜனவரியில் அதே பத்திரிகை திவால் மனு போட்டது. இடையில் ஒரு வருடம்கூட இல்லை. ஒஹாயோவின் யங்ஸ்டவுனில் 'த விண்டிகேட்டர்' 1869-இல் தொடங்கியது. 150 வருடம் ஓடி, 2019 ஆகஸ்ட் கடைசியில் நின்றுவிட்டது. ஒரு ஊரின் ஒரே நாளிதழ். அங்கே வேலை பார்த்த ரிப்போர்ட்டருக்கு அடுத்த நாள் பக்கத்து அலுவலகத்துக்குப் போய் வேலை கேட்க வழியில்லை, பக்கத்து அலுவலகம் என்று ஒன்று இருந்தால்தானே.

உங்களுடையது புது நிறுவனம், டிஜிட்டல். அதனால் இன்னொன்றையும் கேளுங்கள். படிப்பவர்கள் எந்த வழியாக உள்ளே வருவார்கள் என்று திட்டம் வைத்திருக்கிறார்கள்? 'ஃபேஸ்புக், யூடியூப், வாட்ஸ்அப் எல்லாம் பார்த்துக்கலாம்' என்று பதில் வந்தால் உஷாராக இருங்கள். வாடகை வீட்டில் கிணறு வெட்டும் வேலை அது. வீடியோக்களைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற கணக்கைக் கூட்டிக் காட்டிவிட்டதாக 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. அந்த மாதிரிக் கணக்குகளை நம்பி, எழுதுகிற ஆட்களைக் குறைத்து வீடியோவுக்கு மாறிய செய்தி அறைகள் பல. 2018 ஜனவரியில் அதே நிறுவனம், செய்தி நிறுவனங்களின் பதிவுகளைக் குறைத்து நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளை முன்னால் காட்டப்போவதாக அறிவித்தது. பாதிக்கு மேல் வாசகர்களை அங்கிருந்து வாங்கிக்கொண்டிருந்த தளங்கள் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். உள்ளூர்ச் செய்திக்கு ஓரளவு தாக்குப்பிடிப்பது மின்னஞ்சல் பட்டியல், நேரடிச் சந்தா, ஊரில் நேரில் நடத்தும் கூட்டங்கள். இவற்றில் ஒன்றாவது அவர்கள் பேச்சில் தானாக வருகிறதா என்று கவனியுங்கள்.

அடுத்தது, ஆசிரியர் என்ற பட்டத்துக்குப் பின்னால் எத்தனை பேர். பெரிய டெஸ்கில் எழுத ஒருவர், திருத்த ஒருவர், தலைப்பைப் பார்க்க ஒருவர், படத்துக்கு ஒருவர், எல்லாம் தவறினால் பிடிக்க இரவு ஷிஃப்டில் ஒரு பெரியவர். சின்ன இடத்தில் காலையில் கூட்டத்துக்குப் போவதும் நீங்கள், போனிலேயே படம் பிடிப்பதும் நீங்கள், மதியம் வீடியோவை வெட்டி ஒட்டி அதற்கு முகப்புப் படம் போடுவதும் நீங்கள், சாயங்காலம் 'விளம்பரம் ஏன் இன்னும் ஏறவில்லை' என்ற போனை எடுப்பதும் நீங்கள்தான். அமெரிக்க உள்ளூர் டிவியில் இப்படி எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் செய்யும் ரிப்போர்ட்டருக்கென்றே தனிப் பதவிப் பெயர் உண்டு. இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. என் கை எல்லா வேலைக்கும் பழகியது அங்கேதான். ஆனால் எட்டு பேர் வேலைக்கு மூன்று பேரை வைத்துக்கொண்டு தினம் இருபது செய்தி கேட்கும் இடமென்றால் ஒரு வருடத்தில் எரிந்துபோவீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை செய்தி என்ற எண்ணை முன்கூட்டியே வாயால் சொல்ல வையுங்கள்.

ஒப்பந்தத்தைப் படிப்பதில் நம்மைப் போல சோம்பேறிகள் கிடையாது. ஊரெல்லாம் போய் ஆவணம் படிப்போம், நம் ஆஃபர் லெட்டரைக் கடைசிப் பக்கம் வரை படிக்க மாட்டோம். இடம் மாறுவதற்கு அவர்கள் பணம் கொடுத்தால், 'இத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும்' என்று ஒரு வரி எங்காவது இருக்கும். 12 மாதமா 24 மாதமா, முழுவதுமா அல்லது இருந்த மாதங்களைக் கழித்துக்கொண்டு மிச்சமா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், அவர்களே உங்களை அனுப்பிவிட்டாலும் திருப்பித் தர வேண்டுமா? பல ஒப்பந்தங்களில் இது எழுதப்படாமலேயே கிடக்கும். எழுதச் சொல்லுங்கள். அந்தப் பணத்துக்கு வரி எப்படி என்பதையும் கேளுங்கள், நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 8,000 பவுண்டு வரை வரி கிடையாது, ஆனால் அமெரிக்காவில் 2018 முதல் பெரும்பாலானவர்களுக்கு அது சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குரிய வருமானமாகிவிடுகிறது. கைக்கு வருவது காகிதத்தில் இருப்பதைவிடக் குறைவாக இருக்கலாம். விலகிய பிறகு குறிப்பிட்ட காலம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற விதி இருந்தால், ஒரே ஒரு போட்டி நிறுவனம் உள்ள ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பணமும் ஒப்பந்தமும் இவ்வளவுதான். இனி சொல்லப்போவதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

பெருநகரத்தில் நமக்கும் செய்திக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. எழுதுகிறோம், வெளியே வந்து கூட்டத்தில் கலந்துவிடுகிறோம். யாரைப் பற்றி எழுதினோமோ அவரை வாழ்நாளில் இன்னொரு முறை பார்க்க மாட்டோம். சின்ன ஊரில் அந்தச் சுவர் கிடையாது. நான் சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு சாலை விபத்துச் செய்தி. இறந்தவரின் வயது 46. நான் 56 என்று போட்டுவிட்டேன், பெயரிலும் ஒரு எழுத்துப் பிழை. பழைய டெஸ்கில் இதெல்லாம் 'சரி, மாத்திடு' என்பதோடு முடிந்துபோகும். மறுநாள் காலை பத்து மணிக்கு, பதினேழு பதினெட்டு வயது இருக்கும், ஒரு பையன் அலுவலக வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் அப்பாவின் அடையாள அட்டை. சண்டை போடவில்லை. அட்டையை எடுத்து என் மேஜைமேல் வைத்து, பிறந்த வருடத்தின்மேல் விரலை வைத்தான். "இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல உங்க செய்தியைக் காட்டிக் கேக்கறாங்க சார்" என்றான்.

இரண்டு நிமிடத்தில் திருத்திவிட்டேன். அவன் போகவில்லை. தன் போனை எடுத்துப் பார்த்தான். பழைய 56-தான் வந்தது. கேஷ், அதாவது போன் சேமித்து வைத்திருக்கும் பழைய பக்கம் என்று விளக்கினேன், ரிஃப்ரெஷ் செய்யச் சொன்னேன். மறுபடி 56. என் போனில் 46 தெரிகிறது பார் என்று காட்டினேன். "எல்லார் போன்லயும் மாறணும் சார்" என்றான். கூடவே உட்கார்ந்தான். மூன்றாவது முறையோ நாலாவது முறையோ அவன் போனில் எண் மாறியது. அட்டையைக் கவரில் போட்டு, கவரை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனான். அவன் வீடு என் வீட்டிலிருந்து ஆறாவது வீடு என்பது அந்த வாரக் கடைசியில்தான் தெரிந்தது. அடுத்த ஒன்பது வருடமும் காலையில் முகம் பார்த்துக்கொண்டோம். அதற்கப்புறம் வயதைப் போடும் இடம் வந்தால் என் கை தானாக நின்றுவிடும், இன்றைக்கும்.

இதுதான் சின்ன ஊர் கற்றுத்தருவது, எந்தப் பயிற்சிப் பட்டறையும் தராது. ஆனால் அதே சுவர் இல்லாத ஊரில்தான் நகராட்சி ஒப்பந்ததாரரின் மகளும் உங்கள் குழந்தையும் ஒரே வகுப்பில் படிப்பார்கள். அவர் போட்ட சாலை ஆறு மாதத்தில் பெயர்ந்ததை நீங்கள் எழுதுவீர்கள். அடுத்த நாள் பள்ளி வாசலில் அவர் மனைவி உங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டார். அதற்கடுத்த வாரம் உங்கள் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, 'அவர் நம்ம பெரிய விளம்பரதாரரோட மச்சான், தெரியுமில்ல?' என்பார். அந்த மச்சான் விவகாரத்தில் உங்கள் முதலாளி என்ன செய்வார் என்பதுதான் நீங்கள் வேலையில் சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது. நேராகவே கேளுங்கள்: 'விளம்பரதாரரைப் பற்றி நியாயமான ஒரு செய்தி வந்தால், வெளியிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது யார்?' 'அப்படியெல்லாம் பிரச்சினை வராது' என்பது பதில் ஆகாது. 'நீங்கதான் முடிவு பண்ணணும், ஆனா முன்னாடியே எனக்குச் சொல்லிடுங்க' என்றால் அது பேசி நடத்தக்கூடிய இடம்.

இதைச் சமாளிக்க முடியும் என்பதற்கு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள ஸ்டார்ம் லேக் ஒரு சாட்சி. சுமார் பத்தாயிரம் பேர் உள்ள ஊர், 2017-இல் வாரம் இருமுறை வந்த பத்திரிகை, அச்சடித்தது சுமார் 3,000 பிரதிகள். அப்போது ஆசிரியர் ஆர்ட் கல்லன். அண்ணன் வெளியீட்டாளர், மகன் ரிப்போர்ட்டர், மனைவி படம் எடுப்பவர். வயல்களிலிருந்து ஆற்று நீரில் நைட்ரேட் கலப்பது தொடர்பான வழக்கில், கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகத்தின் வக்கீல் செலவைப் பின்னாலிருந்து கொடுப்பது யார் என்று விடாமல் கேட்டு எழுதினார்கள். விவசாயப் பெருநிறுவனங்களை நம்பி வாழும் ஊர் அது, வாசகர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியே பிடித்திருக்காது. அந்தத் தலையங்கங்களுக்கு 2017-இல் புலிட்சர் கிடைத்தது. ஆனால் பத்திரிகை அவர்களுடையது என்பதை மறந்துவிடாதீர்கள். சம்பளத்துக்குப் போகிற உங்களுக்கு அந்தச் சுதந்திரம் எழுத்தில் இருந்தால்தான் உண்டு.

சட்டப் பாதுகாப்பையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவது யார், செலவு யாருடையது? அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் மேரியன் என்று இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். 2023 ஆகஸ்ட் 11 அன்று உள்ளூர்ப் போலீஸ் 'மேரியன் கவுண்டி ரெக்கார்ட்' வாரப் பத்திரிகை அலுவலகத்திலும் ஆசிரியரின் வீட்டிலும் புகுந்து கணினிகளையும் போன்களையும் அள்ளிக்கொண்டு போனது. வீட்டில் இருந்த அவருடைய தாயார், பத்திரிகையின் இணை உரிமையாளர் ஜோன் மேயர், 98 வயது, மறுநாள் இறந்துபோனார். சில நாட்களில், போதிய ஆதாரம் இல்லையென்று வாரண்டைத் திரும்பப் பெற்று பொருட்களைக் கொடுத்துவிட்டார்கள். இப்படி நடப்பது அரிதுதான், உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் சின்ன ஊரில் அதிகாரத்தில் இருப்பவருக்கும் உங்களுக்கும் தூரம் மிகக் குறைவு. அவருக்கு உங்கள் வீடு தெரியும். நிறுவனத்துக்கு ஒரு வக்கீல் இருக்கிறாரா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலைக்கு ஒரு போன், வீட்டுக்கு ஒரு போன் என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள். நான் அதைச் செய்யவில்லை, இரவு இரண்டு மணிக்கு 'எங்க தெருவுல கரண்ட் இல்ல, போடுங்க' என்று வந்த போன்களுக்குக் கணக்கே இல்லை.

குடும்பம். கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் இந்தப் பக்கம் பிரச்சினை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அங்கேதான் பிரச்சினை. நீங்கள் ஊருக்குள் இறங்கி இரண்டே மாதத்தில் ஐம்பது பேரைத் தெரிந்துவைத்திருப்பீர்கள், அது உங்கள் வேலையே கொடுக்கிற பழக்கம். அவர் நான்கு சுவருக்குள் லேப்டாப்பைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். நீங்களும் இரவு ஒன்பது மணிக்கு வருவீர்கள். என் வீட்டில் முதல் வருடம் நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை இதைப் பற்றியவைதான், இருவருக்கும் அப்போது அது தெரியவில்லை. சம்பளம், வீடு, தண்ணீர் என்று வேறு பெயர்களில் சண்டை போட்டோம். அவருக்கென்று, உங்கள் வேலையோடு சம்பந்தமில்லாத ஒரு இடம், விளையாட்டோ, நூலகமோ, ஏதாவது ஒரு வகுப்போ, முதல் மாதத்திலேயே அமைய வேண்டும். அப்புறம், அவருடைய நிறுவனம் 'எல்லாரும் அலுவலகத்துக்கு வாருங்கள்' என்று ஒருநாள் சொன்னால் என்ன செய்வது என்றும் இப்போதே பேசிவிடுங்கள்.

பெரிய நிறுவனமே படை திரட்டிப் போனபோதும் இந்தச் சிக்கல் தீரவில்லை. 2011-இல் பிபிசி தன் விளையாட்டுப் பிரிவு, குழந்தைகள் பிரிவு, ரேடியோ 5 லைவ் ஆகியவற்றை லண்டனிலிருந்து சால்ஃபர்டுக்கு மாற்றத் தொடங்கியது. காலை நிகழ்ச்சி 2012-இல் போனது. கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாம் சேர்ந்தே போகிறார்கள், கட்டடம் புதிது, மான்செஸ்டர் பக்கத்திலேயே. அப்படியும் குடும்பத்தைக் கிளப்ப முடியாமல் வர மறுத்தவர்கள் பலர். சிலருக்கு லண்டன் வீட்டை வைத்துக்கொண்டே அங்கே தங்கி வேலை பார்க்கப் படி கொடுத்தார்கள், அது நாடாளுமன்றக் குழுவின் கண்டனம் வரை போனது. அந்த நடுவழி, அதாவது குடும்பம் இங்கே, நான் அங்கே, வாரக் கடைசியில் வந்து போவது, நம் தொழிலில் அநேகமாக எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. ஆறு மாதம் வரை தாங்கும். அதற்கு மேல் எனக்குத் தெரிந்து யாருக்கும் சரிப்பட்டதில்லை. வாரக் கடைசியிலும் செய்தி நடக்கத்தான் செய்யும்.

இனி உங்கள் பெரிய பயம். அங்கே போனால் கேரியர் முடிந்துவிடுமா?

அமெரிக்க டிவியில், பார்வையாளர் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் நாட்டை 210 சந்தைகளாகப் பிரித்து வரிசைப்படுத்தியது. முதலிடம் நியூயார்க், கடைசி இடம் மொன்டானாவின் க்ளென்டைவ். அங்கே தொழிலுக்கு வருகிறவர்கள் கீழ் எண்களில் தொடங்கி மேலே ஏறுவார்கள், எல்லார் மனதிலும் அது ஒரு ஏணி. நம் தொழிலிலும் எண் போடாமலேயே அந்த ஏணி இருக்கிறது, நீங்கள் இறங்குவதாக நினைக்கிறீர்கள். ஆள் எடுக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அப்படித் தெரியாது. என்னிடம் வந்த விண்ணப்பங்களில் பெரிய டெஸ்கில் எட்டு வருடம் இருந்தவர்களிடம், 'நீங்கள் இல்லாவிட்டால் நடந்திருக்காது என்று ஒன்றைக் காட்டுங்கள்' என்றால் திணறுவார்கள். எல்லாவற்றிலும் பத்துப் பேர் கை இருக்கும். சின்ன ஊரிலிருந்து வந்த ஒருவர், மூடப்பட்ட ஒரு பேருந்து வழித்தடம் தன் தொடர் செய்திகளுக்குப் பின் திரும்ப வந்ததை ஒரே லிங்கில் காட்டினார். பத்து நிமிடத்தில் முடிவு செய்துவிட்டோம். 1895-இல் கான்சாஸின் எம்போரியா என்ற ஊர்ப் பத்திரிகையை வாங்கிய வில்லியம் ஆலன் வைட், மறுவருடம் எழுதிய ஒரு தலையங்கம் நாடு முழுக்கப் பேசப்பட்டது, ஊரைவிட்டு அவர் போகவே இல்லை. அந்தக் காலத்தில் அது அதிசயம். இப்போது எந்த ஊரிலிருந்து எழுதினாலும் லிங்க் ஒன்றுதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கேரியர் அங்கே தானாக வளராது. பெருநகரத்தில் சும்மா இருந்தாலே நாலு பேர் கண்ணில் படுவோம். லிஃப்டில் பார்த்த ஒருவர், பிரஸ்மீட்டில் பக்கத்தில் நின்ற ஒருவர், இப்படித்தான் அடுத்த வேலை வரும். அந்த லிஃப்ட் இனி இல்லை. பழைய ஆட்களோடு மாதம் ஒரு முறையாவது, காரியம் எதுவும் இல்லாதபோதே பேசிக்கொண்டிருங்கள். செய்த வேலையை உங்கள் கைவசம் சேமித்து வையுங்கள். நிறுவனத் தளம் மூடப்பட்டால் உங்கள் லிங்க் எல்லாம் ஒரே இரவில் செத்துவிடும். பிடிஎஃப் எடுத்து வைப்பது ஐந்து நிமிட வேலை, எனக்கு மூன்று வருடத்து எழுத்து போனபிறகுதான் புத்தி வந்தது.

சம்பளம் குறைவதைப் பற்றிக் கொஞ்சம். சின்ன நகரத்தில் எல்லாம் மலிவு என்பது பாதி உண்மை. வாடகை குறையும், அது பெரிய விஷயம். ஆனால் போன், இணையம், கேமரா, மின்சாதனம் எங்கேயும் ஒரே விலைதான். ஊரிலிருந்து வெளியே போய்வரும் செலவு கூடும். சொந்த வண்டி இல்லாமல் பல ஊர்களில் வேலையே பார்க்க முடியாது. இப்போது மாதம் என்னென்ன செலவாகிறதோ அதை எழுதி, ஊர் மாறினால் மாறுவது எது, மாறாதது எது என்று இரண்டாகப் பிரியுங்கள். மாறாத பங்கு சம்பளத்தில் பாதிக்கு மேல் இருந்தால், 'அங்கே செலவு குறைவு' என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பவரோடு இன்னொரு சுற்றுப் பேசலாம். வேலைக்கு ஓட்டும் வண்டிக்கு எரிபொருள், போன் கட்டணம், கேமரா யார் தருவது என்பதெல்லாம் அந்தச் சுற்றில் வர வேண்டும்.

போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். வார நாளில் போங்கள், தனியாக. அவர்கள் சுற்றிக்காட்டும் இடங்களைப் பார்த்த பிறகு, உள்ளாட்சிக் கூட்டம் ஏதாவது நடந்தால் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். எத்தனை பேர் வருகிறார்கள், யார் யாரைக் கேள்வி கேட்கிறார்கள், உங்களை யாராவது 'நீங்க யாரு' என்று கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்டால் நல்ல ஊர். வீடு வாங்குவதைப் பற்றி முதல் வருடம் பேச்சே வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. பள்ளிச் சேர்க்கைக்கு ஏற்ற மாதிரி சேரும் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். ஒரு மாதம் தள்ளிவைக்க முடியாத நிறுவனம், உங்கள் குழந்தைக்குக் காய்ச்சல் வரும் நாளில் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒரு மின்னஞ்சல்தான். அதில் மூன்று கேள்வி போதும்: எத்தனை மாதச் செலவுக்குப் பணம் கையில் இருக்கிறது, விளம்பரதாரர் சம்பந்தப்பட்ட செய்தியில் கடைசி முடிவு யாருடையது, அவர்களாகவே என்னை அனுப்பினால் இடமாற்றப் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா. இரண்டு நாளில் தெளிவாகப் பதில் வந்தால், பிடிக்காத பதிலாகவே இருந்தாலும், மேற்கொண்டு பேசுங்கள். 'நேரில் வாங்க, பேசிக்கலாம்' என்று மட்டும் வந்தால், அந்த மூன்றையும் எழுத்தில் தரச் சொல்லி இன்னொரு முறை கேளுங்கள். அதற்கும் அதே பதில் வந்தால் இப்போதுள்ள வேலையில் நோட்டீஸ் கொடுக்க வேண்டாம்.